அக்காவுக்குப் போட்ட துண்டு

ஜெகதாப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை போகும் காலைப் பேருந்து. மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த பெண், நடுவில் துண்டு போட்டிருந்தாள்.

"அதுல உக்காராதீங்க சிஸ்டர், எங்க அக்காவுக்குப் போட்ட இடம்."

சீருடையில் வந்த நர்ஸ் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வண்டி கிளம்பியது.

"சிஸ்டர், கருவைக் கலைக்கணும்னா புருஷன் கையெழுத்து வேணுமா? அவரு இலங்கை ஜெயில்ல இருக்காரு."

"வேணாம்மா. ஒன் கையெழுத்து போதும்."

"புதுச் சட்டமா?"

"இல்லம்மா. நீ பொறக்குறதுக்கு முந்தியே வந்த சட்டம். அப்பலேருந்தே அப்படித்தான்."

அவள் துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எங்க அக்கா உண்டானப்ப மச்சானும் ஜெயில்லதான் இருந்தாரு. கையெழுத்துப் போட ஆளில்லைன்னு அக்கா ஆஸ்பத்திரிக்கே போகல. ஊருல யாரோ கலைக்கிறேன்னு எருக்கங்குச்சி வச்சு விட்டாங்க. அதோட அக்காவும் போயிருச்சு."

"இந்த இடம் எந்த அக்காவுக்கும்மா?"

"எனக்கு ஒரே அக்காதான்."

பிறகு துண்டின் பக்கம் குனிந்தாள்.

"கேட்டியாக்கா? ஒன் கையெழுத்தே போதுமாம்."

அறந்தாங்கியில் கூட்டம் நெருக்கியது. யாரும் அங்கே உட்காரவில்லை.

புதுக்கோட்டையில் அவள் துண்டை மடித்துக்கொண்டு இறங்கினாள். நர்ஸும் நானும், அவள் பின்னால் இன்னும் ஒருவர் இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றோம்.