எனக்கு ஏற்ற சூடு

அக்கினி நட்சத்திரத்திலும் எனக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். உடம்பு வாகு அப்படி. தைராய்டு குறைவாகச் சுரந்தால் குளிர் அதிகமாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கேட்காமலே இந்த அறையின் மின்விசிறியைக் குறைத்தீர்களே, இன்ஸ்பெக்டர் மேடம், அதற்கு நன்றி. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

என் கணவர் ராஜபாண்டியனுக்கு நேரெதிரான உடம்பு. கனத்த ஆள். நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறைகளில் மின்விசிறிகூட வைக்க முடியாது. பகலெல்லாம் அங்கே வெந்துவிட்டு வருவார். வந்ததும் படுக்கையறை ஏசியைப் பதினாறில் வைப்பார். நான் ஸ்வெட்டர் போட்டுப் படுப்பேன். கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்றால் சிரிப்பார்.

"ஒரே ரூமுலதான படுத்திருக்கோம், சுந்தரி? எனக்கு இல்லாத குளிரு ஒனக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

ஒருமுறை நடுக்கம் தாங்காமல் கூடத்தில் போய்ப் படுத்தேன். மறுநாள் வந்திருந்த சொந்தக்காரர்களிடம், "இவளுக்கு மனசுலதான் குளிரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். பார்த்துக்கொள்ள ஏழாயிரம்பண்ணையிலிருந்து முருகம்மாளை வரவழைத்தேன். முதல் நாளே ஏசியை நிறுத்திவிட்டேன். நானும் அந்த அறையில்தானே படுக்கிறேன்?

வெயில் ஏறியதும் சன்னல்களைச் சாத்தினேன். கம்பளி போர்த்தினேன். இடது கையால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அதனால் கையை உள்ளே வைத்து, கம்பளியின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினேன். படுக்கை நனைகிறது என்று தண்ணீரையும் குறைத்தேன்.

முருகம்மாள் நல்லவள்தான். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது.

"மொதலாளிக்கு வேர்த்து ஊத்துதும்மா. கண்ணாலயே கெஞ்சுறாக. ஏசியப் போடுங்கம்மா."

"எனக்கு வேர்க்கலையே."

"ஒங்க ஒடம்பு வேற, அவுக ஒடம்பு வேறம்மா."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் சொல்லிப் பார்த்தது அதைத்தான். அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். சம்பளத்தைக் கையில் கொடுத்து அன்றைக்கே அவளை பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அவர் தலையணையெல்லாம் ஈரமாக இருந்தது. கண்கள் சுவரிலிருந்த ஏசியை விட்டு நகரவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்து சாப்பிட்டேன். சீரியல் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, டிவியைக் கூட்டி வைத்திருந்தேன்.

சாயங்காலம் உள்ளே போய் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. தோல் காய்ந்து கிடந்தது. கம்பளிக்குள் கையில் அசைவில்லை. மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்தது. அப்போதாவது டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள்.

எதற்கு மேடம்? ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஒருவழியாக இவருக்கும் என் உடம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.