வெள்ளை நெய் போட்ட கோடு

பேருந்து சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குள் திரும்பியபோது முன் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, உங்க நெய் ஒரு கோடு போட்டுச்சு பாருங்க, அவ்வளவு அழகு!"

அவள் வெள்ளைக்காரர்கள் நடத்தும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மா எருமை வளர்த்து நெய் விற்பவர்.

"கோட்ட வச்சு என்ன பண்றது? வெள்ளையா இருக்கு, வனஸ்பதி கலந்துட்டேன்னு கோயில்ல வாங்குறதையே நிறுத்திட்டாங்க. எருமை நெய் வெள்ளையாத்தான் இருக்கும்னா யாரு கேக்குறா?"

"அதான் மெஷின்ல வச்சுப் பாத்தோம்லா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த நெய்க்குள்ள விடுவோம். நெய் எத உறிஞ்சுதுன்னு மெஷினே தாள்ல கோடு போடும். வனஸ்பதி கலந்திருந்தா ஒரு இடத்துல பெரிய பள்ளம் விழும். உங்களதுல விழல."

"நிறத்தப் பாக்காதா?"

"பாக்காதுக்கா."

"நம்ம ஆளுங்களவிட அது தேவல!"

"நாங்களே எருமைப்பால் வாங்கிக் கடைஞ்சு உருக்குன நெய்யும் அதே கோடுதான் போட்டுச்சு. கலப்படம் இல்லன்னு கோயிலுக்குக் கடுதாசி போயிடுச்சு."

நெய்க்கார அம்மா கேட்டார்: "மெஷின ஓட்டுனது வெள்ளக்காரரா?"

"நான்தான்க்கா."

அவர் எழுந்து மணியை அடித்தார். "கோயில் வந்துருச்சு. நீயும் எறங்கு பாப்பா. கடுதாசிய அவங்க படிச்சிருப்பாங்க. உன்னையும் பாக்கட்டும்."