மூன்று மணிக்கும் ஆறரைக்கும் இடையில்

– மூண்டு மணிக்கும் ஆறரைக்கும் இடையில நீர் என்ன செய்தனீர் எண்டுதான் கேக்கிறன், கீதன். மிச்சம் எனக்குத் தெரியும்.

– காருக்குள்ள இருந்தனான், ஜோசப்பின் அக்கா.

– மூண்டரை மணித்தியாலம்.

– ஓம்.

– தேத்தண்ணியைக் குடியும், ஆறுது. விட்பியில இருந்து இவ்வளவு தூரம் கார் ஓடி வந்த மனிசனை நான் பொலிஸ்காரி மாதிரிக் குடையிறன். முதல்ல இருந்து சொல்லும். செத்தவீட்டில உம்மோட கதைக்கக் கிடைக்கேல்லை.

– என்னோட கதைக்க ஒருத்தரும் விரும்பேல்லை அக்கா. அலெக்ஸாண்டர் அண்ணையை மலையில விட்டிட்டு வந்தவன் எண்டுதான் பார்த்தவை. கோயிலில கடைசி வாங்கில தனிய இருந்தனான்.

– கண்டனான். சொல்லும்.

– கிளாஸ்கோவில நாங்கள் போன கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள். அண்ணைக்கு ஆக்கள் போற மலை சரிவராது, உங்களுக்குத் தெரியும்தானே. ஹோட்டல் கட்டிலில மேப்பை விரிச்சுப்போட்டு, பாதைக்கோடு ஒண்டும் இல்லாத இடமாப் பார்த்து விரல் வைச்சார். உதுக்கு வருசத்தில பத்துப்பேர் ஏறினால் பெரிசு எண்டார். பரிசு விழுந்த மாதிரி முகம்.

– இஞ்ச ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பார்க்கப் போன அண்டும் என்ர மனுசன் வீட்டைப் பார்க்கேல்லை. பின்னால இருந்த மேட்டில ஏறி நிண்டவர். குப்பையை மூடிப் புல்லுப் போட்ட மேடு. கீழ நிண்டு ஏஜென்ற் சிரிக்கிறான். எனக்கெண்டால் வெக்கம்.

– அந்த மலையடியில ஒரு இரும்புக் கேற். அதுக்கு அங்கால புல்லு, சேறு, கல்லு. ஒரு சனம் இல்லை, செம்மறிகூட இல்லை. அரைவாசியில என்ர புதுச் சப்பாத்து குதிக்காலை வெட்டிப்போட்டுது, சொக்ஸ் முழுக்க ரத்தம். நீ காருக்குப் போடா, நான் உச்சியைத் தொட்டிட்டு இறங்கிறன் எண்டார். நான் நிண்டு பார்த்தனான் அக்கா. முகில் கீழ வந்துகொண்டிருந்தது. முதல்ல அவற்ர கால் மறைஞ்சுது, பிறகு பை. அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் தனிய ஏறிக்கொண்டு போச்சுது.

– அது எத்தினை மணி?

– பன்ரெண்டு. ரெண்டு ரெண்டரைக்கு வந்திருக்கவேணும். மூண்டாகியும் காணேல்லை. காரடியில சிக்னல் இல்லை. ரோட்டால நொண்டி நொண்டிப் போய், ஒரு பண்ணை வாசல்ல நிண்டு அண்ணைக்கு அடிச்சன். மணி போகுது, எடுக்கேல்லை. அப்பவே அவர் விழுந்து கிடந்திருக்கிறார். போன் பத்தடி மேல கல்லிடுக்கில கிடந்தது எண்டு தேடிப் போன ஆக்கள் சொன்னவை. நான் அடிச்சது அவருக்குக் கேட்டிருக்கும்.

– அதை விடும். பிறகு?

– பொலிசுக்கு அடிக்கத்தான் போனனான், சத்தியமா. அதுக்கு முதல், வீட்டுக்கு ஏதும் எடுத்தாரோ எண்டு உங்கட மெலனியைக் கேப்பம் எண்டு அடிச்சன். இஞ்ச அஞ்சு மணித்தியாலம் பின்னுக்கு, காலமை பத்து மணி. பிள்ளை பஸ்ஸில நிண்டது.

– அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்லும்.

– யா அங்கிள், ஒன்றரை மணித்தியாலத்துக்கு முதல் அப்பா கோல் பண்ணினவர், ஹீ இஸ் கமிங் டவுன் எண்டாள். இறங்கி வாறார் எண்டால் பிறகென்ன அக்கா. எனக்குப் போன உயிர் வந்த மாதிரி. திரும்பிப் போய் ஹீற்றரைப் போட்டு, அவர் வந்து நனைஞ்சதைக் கழட்டச் சீற்றில இடம் ஒதுக்கி வைச்சன். இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு இருந்து, இருட்டினாப் பிறகுதான் பயம் பிடிச்சு, ஆறரைக்குத் திரும்பப் பண்ணை வாசலுக்குப் போய்ப் பொலிசுக்கு அடிச்சன்.

– இங்கிலிசிலதான் சொன்னவளோ?

– ஓம், எப்பவும் அப்பிடித்தானே.

– எட்டாம் நாள் செலவு முடிஞ்ச அடுத்த நாள், அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னவர் தெரியுமோ எண்டு கேட்டவள். எனக்கு அதைத் தமிழில சொன்னவள், கீதன். அவற்ர குரலைப் போலவே. ‘சரி பிள்ளை, வாறன்.’

– ‘வாறன்’ எண்டே சொன்னவர்?

– விளங்குதோ?

– அது போன் வைக்கிற ‘வாறன்’.

– இருபத்திமூண்டு வருசம் அந்த வாசல்ல நிண்டு அதைச் சொல்லிப்போட்டுத்தான் வேலைக்குப் போனவர். ‘போறன்’ எண்டு அவற்ர வாயில வராது. பிள்ளைக்கும் தெரியும். மலையில நிண்டு சொன்னபடியால் இறங்கி வாறன் எண்டு எடுத்துப்போட்டாள். உமக்கு அதை இங்கிலிசில மாத்தித் தந்தவள். தமிழில சொல்லியிருந்தால்?

– உடன பொலிசுக்கு அடிச்சிருப்பன்.

– அவர் எங்க கிடந்தவர்?

– உச்சிக்கு அங்கால் பக்கம். அதால இறங்க வழி இல்லை அக்கா. இன்னும் சுத்திப் பார்க்கத்தான் போயிருக்கிறார்.

– டொக்டர் என்ன சொன்னவர்?

– வேண்டாம் அக்கா.

– சொல்லும்.

– கால் முறிஞ்சதால உயிர் போகேல்லை. குளிர்தான். இரவு ஏழு எட்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் எண்டார்.

– அப்பா என்னட்ட வந்துகொண்டிருக்கேக்க விழுந்தவர் எண்டு அவள் சொல்லுறவள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிடுறாள், இந்தக் கிழமை கம்பசுக்கும் போகத் தொடங்கினவள். மணித்தியாலங்களை அவள் இன்னும் எண்ணிப் பார்க்கேல்லை. உம்மட கையில இருக்கிற உந்தக் கடிதாசியில என்ன எழுதியிருக்கிறீர்?

– உள்ளதைத்தான். அங்கத்தைப் பொலிஸ் கேட்ட வாக்குமூலம், திங்கட்கிழமை அனுப்பவேணும். ஏன் காத்திருந்தனான் எண்டதுக்கு என்னட்ட இருக்கிறது மெலனி சொன்ன அந்த ஒரு சொல்லுத்தான். என்ர மனிசியே என்னைப் பார்க்கிற பார்வை வேற அக்கா. இது வந்தாலாவது...

– இதை வைச்சு பொலிஸ் எழுதிற அறிக்கையை ஆருக்கு அனுப்புவினம்?

– உங்களுக்கு. இந்த விலாசத்துக்கு.

– எனக்கு வாற இங்கிலிஸ் கடிதங்களை ஆர் உடைக்கிறது? ஆர் வாசிச்சு விளங்கப்படுத்துறது?

– மெலனி.

– மூண்டு மணி, ஆறரை மணி, டொக்டர் சொன்ன எட்டு மணி, நடுவில அவளின்ர பேர். எல்லாம் ஒரே தாளில. அவள் கெட்டிக்காரி. ரெண்டாம்தரம் வாசிக்கத் தேவையில்லை.

– நான் பொய் ஒண்டும் எழுதேல்லை அக்கா.

– எனக்குத் தெரியும். உம்மில ஒரு பிழையும் இல்லை. அதை இண்டைக்கு மட்டும் சொல்லுறன், இனி ஆருக்கு முன்னாலயும் சொல்லமாட்டன். அவள் உம்மை வெறுத்துக்கொண்டு இருப்பாள், கீதன். ஆனா இருப்பாள். மெலனி சொன்னபடியால் காத்திருந்தனான் எண்ட அந்த வரியை வெட்டிப்போட்டு, காருக்குள்ள நித்திரையாப் போனனான் எண்டு எழுதித் தருவீரோ?