அக்கா பேரில் ஊட்டிய சோறு

பிறர் வீட்டுப் பேச்சாயிற்றே என்று ஆறு வருஷம் தயங்கினேன். முருகன் அறிய, கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

மலேசியாவில், லூனாஸ் ஊர்க் கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தேன். முன் பெஞ்சில் அக்காவும் தங்கச்சியும். அவர்கள் அப்பாவுக்கு மறதி நோய்.

“உன் பேர்லதான்கா அவருக்குச் சோறு ஊட்டுறேன்,” என்றாள் தங்கச்சி. “குளிப்பாட்டுறது நான், அவரு என்னையக் கூப்பிடுறது உன் பேரச் சொல்லி, கமலா, கமலான்னு. தீபாவளிக்கு மட்டும் வர்ற உனக்கு யோகம்லா!”

“டாக்டர் சொன்னாருல்ல?” என்றாள் அக்கா. “ ரப்பர் மரத்துல கட்டுற மங்குக் கிண்ணத்துல பால் கட்டியாப் போற மாதிரி மூளையில ஏதோ புரதம் கட்டிக்குதாம். செல்லுக்குச் செல் சேதி போகாம ஒவ்வொண்ணா செத்துப்போகுதாம். புதுசா பதிஞ்சதுதான் மொதல்ல அழியுமாம்.”

“பழசு நீதானே. சந்தோஷமா இரு.”

அக்கா தங்கச்சி பக்கம் திரும்பினாள்.

“காலையில நான்தான் கஞ்சி கொண்டு போனேன். ‘நீங்க யாரும்மா? என் மக கமலாவக் கூப்பிடுங்க’ன்னாரு. எனக்கு நரைச்சுப்போச்சு. அவருக்குத் தெரிஞ்ச சின்ன வயசுக் கமலா முகம் இப்ப உங்கிட்டதான்டி இருக்கு. எனக்கும் வயிறு எரியாதா?”

மருந்துக்கு அவர்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

“போய் வாங்கிட்டு வா, கமலா,” என்றாள் அக்கா.

தங்கச்சி எழுந்து போனாள்.

இதை யாரிடமாவது சொல்வதானால், அக்கா கூப்பிட்ட அந்தக் கடைசிப் பேரை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள்.