தொரை புகழ்ந்து எழுதிய பக்கம்

"அப்பாவப் பத்தி எஸ்டேட் தொர டைரியில நல்லவிதமா எழுதிட்டாருக்கா. அதான் பயமா இருக்கு."

கோலா சிலாங்கூரில் மீன் வாங்கிக்கொண்டு ஈஜோக் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் தலை நரைத்த அக்காவும் தம்பியும். ஐஸ் கரைந்து என் காலில் ஒழுகியது. நகர்வேனா? பேச்சு அவ்வளவு ருசி.

"அந்த ஸ்காட்லாந்துக்காரரு என்னடா எழுதினாரு?"

"ஸ்ட்ரைக் அப்ப யூனியன் தலைவரு ஒளிஞ்சிருந்த எடத்த, ஆளுங்கள வேல வாங்கற மண்டோரா இருந்த நம்ம அப்பாதான் வந்து சொன்னாராம். விசுவாசமான ஆளாம்."

"ஐயோ! ஸ்ட்ரைக்ல அப்பா உறுதியா நின்னாருன்னுதானே கோயில்ல நமக்கு மொத பரிவட்டம்!"

"தொர மக வந்திருக்கு. அந்தப் பக்கத்தத் தமிழ்ல மாத்தி, இன்னிக்குத் திருவிழாவுல மைக்ல வாசிக்க வைக்கிதாம். நமக்குப் பெருமையாம் லா!"

அக்கா தம்பி பக்கம் திரும்பினார்.

"மொத பரிவட்டத்தத் தலைவரு மகனுக்குக் கட்டச் சொல்லு. வாசிக்கறதுக்கு முன்னாடி, அப்பா செஞ்சத நீயே சொல்லு."

"ஊரே காறித் துப்பும்க்கா."

"பரிவட்டத்தோட நிக்கறப்ப துப்பினா?"

எஸ்டேட் வாசல் வந்தது. தம்பி எழுந்திருக்கவில்லை. அக்காதான் மணியை அழுத்தி, அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.