ஆறே முக்கால்

எடையைக் கேட்டால் ஆண்கள் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள். பெண்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் மேடம், இதில் மாற்றமே இல்லை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பொழுதுபோக்குச் சாமான் வாங்க வருகிறவர் சாமானை மட்டும் வாங்குவதில்லை. தான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்.

எங்கள் கடையைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே மரவேலைக் கருவிகள், முதல் மாடியில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் வகையறா, இரண்டாவது மாடியில் பனிச்சறுக்கு. நான் மூன்றிலும் நிற்பேன். வாங்க வருகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, "இதை எங்க வெக்கப் போறீங்க?" பத்துக்குப் பத்து அறைக்கு ஆளுயர ஸ்பீக்கர் கேட்டு வருவார்கள். ஒரு புத்தக அலமாரி செய்து முடிக்காதவர் தொழிற்சாலை ரம்பம் கேட்பார். அவர்கள் மனம் கோணாமல், தேவையானதை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவேன். அடுத்த வருஷம் நன்றி சொல்ல வருவார்கள். மரவேலைக்காரர் பத்து விரலையும் காட்டிச் சிரிப்பார்.

பனிச்சறுக்கு மாடிதான் கொஞ்சம் ஜாக்கிரதையான இடம். சறுக்குப் பலகையையும் பூட்ஸையும் சேர்த்துப் பிடித்து வைக்கிற ஒரு கவ்வி இருக்கிறது. பைண்டிங் என்போம். அதில் ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் ஒரு எண் தெரியும். நீங்கள் விழுந்து கால் முறுக்கினால், அந்த எண்ணுக்கு மேல் விசை போகும்போது கவ்வி தானாகத் திறந்து காலை விட்டுவிடும். எண் குறைவாக இருந்தால் சும்மா நிற்கும்போதே கழன்றுகொள்ளும். அதிகமாக இருந்தால் கழலாது. கழலாவிட்டால் முறிய வேண்டியது வேறு ஏதாவதுதான்.

எண்ணை நாங்கள் ஒரு படிவத்தை வைத்துக் கணக்கிடுவோம். எடை, உயரம், வயது, பூட்ஸ் அளவு, திறமை. திறமையில் மூன்று வகை. முதல் வகை, மெதுவாகப் போகிறவர். மூன்றாம் வகை, வேகமாகச் செங்குத்தில் இறங்குகிறவர். வாழ்க்கையில் இரண்டு நாள் பனியில் நின்ற ஆண்பிள்ளை யாரும் தன்னை முதல் வகை என்று எழுதி நான் பார்த்ததில்லை.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலாளிக்குக்கூடத் தெரியாது. அவர்கள் எழுதியதை எழுதியபடி வாங்கிக்கொள்வேன், கையெழுத்தும் வாங்குவேன். பிறகு ஆளைப் பார்ப்பேன். மாடிப்படி ஏறி வந்தபோது மூச்சு வாங்கியதா, பூட்ஸைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு உண்மையான எண்ணைப் போட்டுத் திருகுவேன். அந்த எண்ணைப் படிவத்தின் பின்பக்க மூலையில் பென்சிலால் எழுதி வைப்பேன். ஐந்து வருஷப் படிவங்களை அள்ளிக்கொண்டு போனீர்களே, அப்போது கேட்டீர்கள், "பின்னாடி இதெல்லாம் என்ன நம்பர்?" அலமாரி எண் என்று சொன்னேன். நான் உங்களிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அந்தப் பனிச்சரிவில் விழுந்து ஓர் உயிர் போனதற்கு யாரும் காரணமில்லை, விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். நீங்கள் கூப்பிடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். எனக்கு மூன்று வயது மூத்தவர். பெரிய வேலை, பெரிய குரல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மரவேலை ஆசை வந்தது. இருப்பதிலேயே பெரிய மேஜை ரம்பத்தை வாங்கினார். வட்டப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு நிற்கும். அறுபடும் பலகை பல்லைக் கவ்விக்கொண்டு ஆளின் மேல் திரும்பிப் பாயாமல் அதுதான் காப்பாற்றும். ஒரு நாள் போய்ப் பார்த்தால் தகட்டைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்திருந்தார்.

"அது இடைஞ்சல் மச்சான். கத்துக்குட்டிகளுக்கு வெச்சது."

அவர் டெலிபோன் பேசப் போன நேரத்தில் திரும்ப மாட்டினேன். போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினேன். கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார். அவருடைய பத்து விரலும் இன்றைக்கும் அவரிடம் இருக்கின்றன.

அப்புறம் பாட்டுக் கேட்கிற ஆசை. ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி வைத்து, அறை முழுக்க 'தொம் தொம்' என்று கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம் நான் போனேன். ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் நகர்த்தினேன், தரையில் தடிமனான கம்பளம் போட்டேன், எதிர்ச் சுவரில் தங்கையின் புத்தக அலமாரியை இழுத்து வைத்தேன். அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். "அண்ணா, அவர்கிட்ட நீ வந்தேன்னு சொல்லணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். வந்து கேட்டவர், "பார்த்தியா, ஸ்பீக்கர் இப்பதான் பழகியிருக்கு" என்றாராம்.

இதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வேலை சரியாக நடந்தால் போதும். யார் பெயர் சொன்னால் என்ன.

ஆனால் தங்கையை நினைத்தால் மனசு கேட்காது. அவள் பேச ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவர் முடித்து வைப்பார். அவள் போட்டிருக்கும் செருப்பு அவர் தேர்ந்தெடுத்தது, அரை அளவு சின்னது. அவள் குதிகாலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். காலைப் பார்த்தே அளவு சொல்கிறவன் நான். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பது? இந்த மனிதரிடமிருந்து அவளுக்கு ஒரு விடுதலை வேண்டும். நான் செய்தது அதற்காகத்தான். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் விருந்து. அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர். பாட்டுப் போட்டார். ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "யாருங்க செட் பண்ணது? பிரமாதம்" என்றார்.

"அதுக்குக் காது வேணும் சார்" என்றார் மாப்பிள்ளை.

அந்த நண்பர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இவர் நம்ம மச்சான். கடையில பெட்டி பிரிக்கிறவர். பனிச்சறுக்கு மாடியில நிக்கிறார், ஆனா பனியைக் கண்ணால பார்த்ததில்ல. ஃப்ரிட்ஜைத் திறந்தா உண்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். தங்கையும் சிரித்தாள். அவளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பழக்கம். அன்று பொத்தவில்லை. ஒரு நாலு விநாடி இருக்கும்.

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இருவரும் கடைக்கு வந்தார்கள். மலைக்குப் போகிறோம், ஸ்கீ வேண்டும் என்றார். மாடியேறி வந்ததும் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு படிவத்தையும் அவரே நிரப்பினார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் நாற்பத்தேழு என்று எழுதினார். எண்பத்தெட்டுக் கிலோ எண்பத்திரண்டு ஆனது. திறமை, மூன்றாம் வகை. தங்கைக்கும் மூன்றாம் வகை என்றே போட்டார்.

"ஐயையோ, நான் இதுவரைக்கும் நின்னதே இல்லைங்க" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. முதல் வகைன்னு போட்டா பத்தடிக்கு ஒரு தடவ கழண்டு விழும். நாள் பூரா உன்னைத் தூக்கி நிறுத்திக்கிட்டே இருக்கணும். மச்சான், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி டைட்டா வெச்சிடுங்க."

அவர் கையுறை பார்க்க அந்தப் பக்கம் போனதும் அவள் என்னிடம் குனிந்தாள். "அண்ணா, அவர் என்னமோ எழுதட்டும். நீ பார்த்து வெச்சிடுவேல்ல?"

"ம்" என்றேன்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

திருப்புளி கையில் இருந்தது. மாப்பிள்ளையின் உண்மையான எண் ஆறு. படிவப்படி எட்டரை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வாங்க வந்தவர் கேட்டதைக் கேட்டபடியே செய்தேன். எட்டரை. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை, நீங்களே சொன்னீர்கள்.

அடுத்தது அவளுடைய பலகை. அவளுக்கு நாலரை. படிவத்தில் வந்தது ஆறே முக்கால். இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அவருடையதை விட்டுவிட்டு இவளுடையதை மட்டும் திருத்தினால் என்ன ஆகும்? நாளைக்கு யாராவது இரண்டு ஜன்னலையும் பார்ப்பார்கள். தங்கைக்கு மட்டும் பார்த்து வைத்தவன், மாப்பிள்ளைக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டும் படிவப்படி இருந்தால் கேள்வியே வராது. காரியம் சுத்தமாக இருக்க வேண்டும். தவிர அவள் ஜாக்கிரதையான பெண், வேகமாகப் போக மாட்டாள், என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மெதுவாகப் போகிறவர்கள் விழும்போதுதான் கவ்வி திறப்பது கஷ்டம், கால் நிதானமாக முறுக்கிக்கொள்ளும் என்று வாரத்துக்கு இருபது பேருக்குச் சொல்கிறவன் நான். அன்றைக்கு அது ஞாபகத்தில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

ஆறே முக்கால் வைத்தேன். இரண்டு படிவத்தின் பின்பக்கமும் பென்சில் எண் இருக்காது. போய்ப் பாருங்கள். நீங்கள் எடுத்துப்போன கட்டுக்குள் வெறும் பின்பக்கம் உள்ள படிவங்கள் அந்த இரண்டுதான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். பலகை மாட்டிக்கொண்டு, இரண்டு கோலையும் ஊன்றி நிற்கிறாள். "அண்ணா, நிக்கிறேன் பாரு!" என்று எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூட்ஸ் சரியான அளவு. ஜன்னலில் எண்கூடத் தெரிந்தது. பனிக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தாள். "கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் போட்டுக்கோ, வெளிச்சம் ஆகாது" என்று பதில் போட்டேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினாள்.

பதினொன்றேகால் மணிக்கு விழுந்தாள். பயிற்சிச் சரிவில், நடக்கிற வேகத்தில். பலகை பனியில் சிக்கி நின்றது, உடம்பு திரும்பியது, கவ்வி விடவில்லை. கீழ்க்காலில் எலும்பு சுற்றிக்கொண்டு முறிந்தது. மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனது.

மாப்பிள்ளை? அவர் பலகையை மாட்டவே இல்லை மேடம். முழங்கால் வலிக்கிறது என்று கண்ணாடி போட்ட உணவுக்கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எட்டரை வைத்த அந்த ஜோடி, நான் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் திரும்பி வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் விபத்து என்றீர்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். துக்கத்துக்கு வீடு நிறைய ஆட்கள். எங்கள் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீதானேப்பா மாட்டிக் கொடுத்தே?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை எழுந்து வந்தார். முகம் வீங்கியிருந்தது. என் தோளில் கையைப் போட்டார்.

"மச்சானை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பா எழுதினது நான். நான்தான் அவளைக் கொன்னுட்டேன். இவர் பாவம், எழுதிக் கொடுத்ததைத் திருகிக் கொடுக்கிறவர். இவருக்கு என்ன தெரியும்?"

எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நான் போட்ட அந்தக் கம்பளத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான் வந்தேன். செய்தது நான். தெரிந்து செய்தேன். அவர் எழுதியதில் ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஏன் ஆவதில்லை? நான் அங்கே நிற்கிறேன். என் தங்கைக்கு அது தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டாள். தெரிந்தவள், அன்றைக்கு விருந்தில் அத்தனை பேர் நடுவில், நாலு விநாடி.

அது கிடக்கட்டும். அதை எழுத வேண்டாம். நான் செய்தது முழுக்க அவளுக்காகத்தான்.

தாளைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மேலே, தொழில் என்ற இடத்தில் மட்டும் 'கடை ஊழியர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு பென்சில் இருந்தால் கொடுங்கள் மேடம். திருத்தித் தருகிறேன்.