தளவாய் கழட்டிப் பார்த்த ஸ்க்ரூ

...மைக்கைக் குடுத்துட்டாங்க. எனக்கு வாழ்த்து மடல் எல்லாம் படிக்க வராதுங்க. நடந்தது ஒண்ணு சொல்றேன், சின்னதுதான். பந்திக்கு நேரமாகாது, பயப்படாதீங்க.

பொண்ணு அருள்மொழியோட அப்பா டாக்டர் தளவாய், என் சிநேகிதன். இன்னிக்கு அவன் இருந்திருந்தா இந்த மைக் என் கைக்கு வந்திருக்குமா? விட்டிருக்க மாட்டான். முதுகெலும்பு ஆபரேஷன் பண்றவன். நான் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். எலும்புல போடுற ஸ்க்ரூ எவ்வளவு இழுத்தா பிடுங்கிட்டு வரும்னு பாக்க எங்க லேப் மெஷினுக்குத்தான் வருவான். கறிக்கடையில ஆட்டு முதுகெலும்பை வாங்கிக்கிட்டு ஒரே ஸ்கூட்டர்ல போவோம். "என்ன சார், தினம் வெறும் எலும்பா வாங்குறீங்க, வீட்ல நாயா?"ம்பாரு கடைக்காரரு. ம்... அந்த நாளெல்லாம் இனி வராதுங்க.

ஒரு சமயம் வள்ளிமயில்னு ஒரு அம்மா. படியில விழுந்து முதுகு ஒடிஞ்சு படுத்துட்டாங்க. பலமில்லாத எலும்பு. ஸ்க்ரூ பிடிச்சாத்தான் எந்திரிச்சு நடப்பாங்க. அவங்களுக்குப் போட வேண்டிய ஸ்க்ரூ ரகத்தை லேப்ல ஆட்டெலும்புல முறுக்கி இழுத்துப் பாக்குறோம்... லேசா இழுத்ததும் வந்துடுது. அடுத்தது... அதுவும் வந்துடுது. "ஏலே, ஸ்க்ரூவே சரியில்லலே. அந்தம்மாவ நான் எப்படிலே நடக்க வைப்பேன்?"ங்கிறான். முகம் செத்துப்போச்சு.

ஸ்க்ரூவா சரியில்ல? இல்லீங்க. இவனுக்கு ஒரு பழக்கம். முறுக்கி முடிச்சதும் சரியாப் பிடிச்சிருக்கான்னு சந்தேகம் வந்துடும். கழட்டுவான், ஓட்டைக்குள்ள கம்பிய விட்டுத் தடவுவான், திரும்ப முறுக்குவான். திரும்பச் சந்தேகம்... திரும்பக் கழட்டுவான்.

அன்னிக்கு ஒரு ஸ்க்ரூவ முறுக்கினதும் கரண்ட் போயிடுச்சு. ஜன்னல் இல்லாத லேப். இருட்டுல எங்க கழட்டுறது? வெளிய போய் டீ குடிச்சோம். கரண்ட் வந்ததும் கழட்டாம அப்படியே மெஷின்ல மாட்டி இழுத்தோம். மெஷின் இழுக்குது... இழுக்குது... ஸ்க்ரூ அசையல.

தளவாய் முன்னாடி பிடுங்கிட்டு வந்த எலும்ப எடுத்து ஓட்டைய உத்துப் பாத்தான். அப்புறம் மெதுவா, "கழட்டுற ஒவ்வொரு தடவையும் எலும்ப அரிச்சிருக்கேன்லே. இளக்கினது நாந்தான்"னான்.

வள்ளிமயிலம்மாவுக்கு ஓட்டைய முதல்லயே நல்லாத் தடவிப் பாத்துட்டான். முறுக்கினது ஒரே தடவை. அதுக்கப்புறம் தொடல. அந்தம்மா எந்திரிச்சு நடந்தாங்க.

அருள்மொழி... மாப்பிள்ளை, நீங்களும் கேளுங்க. பாக்க வேண்டியதெல்லாம் தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பாத்தாச்சு. இனிமே "என்மேல பிரியம் இருக்கா?", "என்னை நம்புறியா?"ன்னு தினம் கழட்டிப் பாக்காதீங்க. இருக்கான்னு பாக்குறதுலயே அதை நாம அரிச்சிடுவோம். இங்க உக்காந்திருக்கிற பழைய ஜோடிகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

இதை உங்கிட்ட உங்க அப்பன் சொல்லியிருக்கணும்மா. அவன் இல்ல... அதனால நான் சொல்றேன். நம்பி விட்டுடுங்க. பிடிச்சுக்கும்.